முதல் ‘வேண்டாம்’ கணக்கில் வராது

இத்தாலியில் தோரினோ குளிரில் நடுங்கிக்கொண்டே என் புகழைத் திருடிக்கொண்டிருக்கும் அருமை மகன் பிரபுவுக்கு,

சளி விட்டதா, வெந்நீர் குடிக்கிறாயா என்பதையெல்லாம் வீடியோ காலில் கேட்டுக்கொள்கிறேன். இது வேறு விவகாரம். போன வாரம் உன் பெண்டாட்டி கியாரா பேச்சுவாக்கில் ஒன்றை உளறிவிட்டாள். உன் ஆபீஸ் நண்பர்களிடம், “எங்க மாமியாரை வழிக்குக் கொண்டுவந்ததே நான் போட்ட பிளான்தான்” என்று நீ சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். அடப்பாவி! நீ போட்ட பிளானால் உன் கல்யாணமே நின்றுபோக இருந்ததடா. அதைத் தூக்கி நிறுத்தியது நான். நான் கற்றுக்கொண்ட ஒரே ஒரு இத்தாலிய வாக்கியம். நீயும் கியாராவும் அப்போது ஊரில் இல்லாததால், நடந்தது என்ன என்று உனக்கு முழுதாகத் தெரியாது. உன்னிடம் மட்டும் சொன்னால் அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்வாய் என்பதால், நாலு பேர் படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறேன். செங்கல்பட்டில் நம் தெருவில் இப்போது என்னை ‘இத்தாலிக்காரம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிண்டல்தான். ஆனாலும் கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கிறேன், கொஞ்சம் மெதுவாகவே திரும்புகிறேன்.

முதலிலிருந்து வருகிறேன். கியாரா ஒரே பெண். அப்பா இல்லை. அம்மா ரொசெத்தா, பூட்ஸ் மாதிரி இருக்கும் அந்த தேசத்தின் குதிகால் பக்கத்தில் ஏதோ ஒரு கடலோரச் சின்ன ஊரில் தனியாக இருப்பவர். உங்கள் கல்யாணத்துக்கு அவர் மறுப்பும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. “பொண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்துல இல்லாம, அந்த வீட்டுல நான் தனியா நாலு நாள் இருந்து பார்க்கிறேன். அப்புறம் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு டிக்கெட் போட்டுவிட்டார். கியாரா உன்னிடம், அம்மா மனசார சரி என்று சொல்லாமல் மாலை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நீ பயந்து போனாய். எனக்கோ அந்த அம்மாவை, பார்ப்பதற்கு முன்பே பிடித்துவிட்டது. பெண்ணைக் கடல் தாண்டிக் கட்டிக்கொடுக்கும் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன், கூடவே பக்கத்து வீட்டில் நாலு கேள்வியும் கேட்டிருப்பேன்.

அன்று நீ போனில் போட்ட உத்தரவு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு எழுத்துக்கு எழுத்து இருக்கிறது.

“ம்மா, ஒண்ணே ஒண்ணு. சாப்பாட்டுல மட்டும் தொந்தரவு பண்ணாத. இங்கல்லாம் நோன்னா நோதான். ஒரு தடவ கேளு. வேணாம்னா வுட்டுடு. நம்ம ஊரு மாதிரி தட்டுல கவுக்காத.”

“ஒரு கரண்டி கூடவாடா?”

“அரை கரண்டி கூட. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு ரெண்டாவது தடவ கேக் நீட்டினேன், அவரு மூஞ்சியே மாறிடுச்சு.”

உனக்காக நான் என் கையை அடக்கக் கற்றுக்கொண்டேன் பிரபு. அது லேசான காரியம் இல்லை. யாராவது ‘போதும்’ என்று சொன்னால் என் மணிக்கட்டு தானாகக் கவிழும். பரிமாறுகிறபோது எனக்குக் காது வேலை செய்யாது, கை மட்டும்தான் வேலை செய்யும். அதனால் உன் அப்பாவை விருந்தாளியாக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். அவர் பழக்க தோஷத்தில் “போதும் போதும்” என்றார். நான் கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிற மனுஷன், எத்தனையோ டிராபிக் போலீஸைச் சமாளித்தவர், அன்றைக்குக் காலித் தட்டைப் பார்த்துக் கலங்கிவிட்டார். “ஒத்திகைன்னு சொல்லி என்னைப் பட்டினி போடறியா?” என்றார். “உங்க புள்ள ஆர்டர்” என்றேன். அப்புறம் அவர் ‘போதும்’ என்ற சொல்லையே விட்டுவிட்டார். அந்த வகையில் உன் பிளானால் வீட்டுக்கு ஒரு நன்மை.

அடுத்தது பாஷை. “வந்து இறங்கினதும் பியாச்சேரேன்னு சொல்லும்மா, அது போதும்” என்றாய். அர்த்தம் கேட்டால், ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’. செங்கல்பட்டில் இதை யார் சொல்கிறார்கள், பிளெக்ஸ் பேனரைத் தவிர? நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். வாயை மூலதனமாக வைத்துத் தொழில் செய்கிறவள். முட்டுக்காட்டிலிருந்து நாவலூர் வரைக்கும் அபார்ட்மென்ட் அபார்ட்மென்டாக ஏறி, கதவைப் பாதி திறந்து ‘வேணாம்மா’ என்றவர்களிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டுக் கையெழுத்தும் வாங்கி வந்தவள். எனக்கு எதற்கு வாசலோடு நிற்கிற வார்த்தை? சமையலறைக்குள் வந்து வேலை செய்கிற வார்த்தை வேண்டும். உனக்குத் தெரியாமல் கியாராவுக்குப் போன் போட்டேன். என் இன்சூரன்ஸ் இங்கிலீஷும் அவளுடைய கொஞ்சூண்டு தமிழும் சேர்ந்து ஒரு வழியாகப் பேசினோம். “விருந்தாளி கூச்சப்பட்டு வேணாம்னு சொன்னா உங்க ஊர்ல என்ன சொல்வீங்க?” என்று கேட்டேன். அவள் கடகடவென்று சிரித்தாள். “நோன் ஃபாச்சா கொம்ப்ளிமென்த்தி” என்றாள். மரியாதைக்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தமாம். அங்கே எல்லார் வீட்டிலும் தினம் புழங்குகிற பேச்சாம். “இது சம்பந்தியம்மாவுக்குச் சொல்லக்கூடிய மரியாதையில இருக்கா?” என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். இருக்கிறதாம். வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்பிவைத்தாள்.

அந்த வாக்கியத்தை நான் படித்த பாடு! பத்தாம் வகுப்பில் இப்படிப் படித்திருந்தால் நான் இன்றைக்குக் கலெக்டர். ‘நோன்’ வந்துவிடும். ‘ஃபாச்சா’ நம்ம வீட்டு வார்த்தை மாதிரியே வந்துவிடும். ‘கொம்ப்ளிமென்த்தி’யில்தான் நாக்கு செருப்பில்லாமல் வெயிலில் நடக்கிற மாதிரி குதிக்கும். பாத்திரம் தேய்க்கும்போது சொன்னேன். குக்கர் விசிலுக்குப் பதில் சொன்னேன். ஷேர் ஆட்டோவில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி முணுமுணுத்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “இன்னாக்கா, மந்திரமா? யாருக்கு?” என்றான்.

“சம்பந்திக்கு.”

“அதானே பார்த்தேன்” என்று சொல்லிவிட்டுப் பயபக்தியோடு வண்டியை ஓட்டினான்.

எல்லாம் படித்து முடித்து, வாக்கியம் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. ஆனால் பயன்படுத்த முடியாது! ஒரு தடவைக்கு மேல் கேட்கக்கூடாது என்று நீதான் தடை போட்டிருக்கிறாயே. ‘கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பது இரண்டாவது தடவை சொல்கிற வாக்கியம் அல்லவா? புதுப் பட்டுப்புடவையைக் கட்டிப் பார்த்துவிட்டு மடித்து பீரோவில் வைத்த மாதிரி அதை உள்ளே வைத்துவிட்டேன்.

ரொசெத்தா வந்தார். என்னைவிடக் குட்டை, என்னைவிடக் குண்டு. பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. ‘பியாச்சேரே’ என்றேன், அவரும் ‘பியாச்சேரே’ என்றார், அதோடு பேச்சுவார்த்தை முடிந்தது. காலையில் மல்லிகைப்பூ மாதிரி இட்லி, வடகறி, இரண்டு சட்னி. தட்டில் வைக்காமல், நீ சொன்னபடி நாகரிகமாகக் கேட்டேன். “நோ, கிராத்சியே” என்றார். தட்டோடு திரும்பிவிட்டேன். மத்தியானம் சாம்பார் கேட்டேன், நோ கிராத்சியே. பொரியல், நோ கிராத்சியே. அப்பளத்துக்குக் கூட நோ கிராத்சியே! கொஞ்சம் வெறும் சோறும் தயிரும் எடுத்துக்கொண்டு, சாமி பிரசாதம் மாதிரி சாப்பிட்டு எழுந்தார். போனில் மொழிபெயர்க்கிற வசதி இருக்கிறதே என்பாய். வைத்துப் பார்த்தோம். ‘வேண்டாம், நன்றி’ என்று அது ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி தெளிவாகச் சொல்லிற்று. ராத்திரி தோசைக்கும் அதே அறிவிப்பு. மறுநாளும் அதே கதை. அவர் முகம் வேளைக்கு வேளை சுருங்கிக்கொண்டே வந்தது. எங்களைப் பார்த்துச் சிரிப்பதையும் குறைத்துக்கொண்டார்.

உன் விமலா அத்தைக்கு சதுரங்கப்பட்டினத்திலிருந்தே மூக்கு வேர்த்துவிட்டது. அப்பாவின் தங்கையாயிற்றே, போன் வந்தது.

“இன்னா அண்ணி, அந்தம்மா இன்னா துன்னுச்சு?”

“எதுக்கும் வேணாம் வேணாம்னே சொல்றாங்க விமலா. வெறும் தயிர்சோறுதான்.”

“கொழம்புல கையே நனைக்கலியா? ரெண்டு நாளாவா? அப்ப சமாச்சாரம் வேற மாதிரி கீது அண்ணி.”

உனக்குத் தெரியாததா? நம் பக்கம் பெண் பார்க்கப் போன வீட்டில் சம்பந்தம் பிடிக்கவில்லை என்றால் யாரும் வாயால் சொல்வதில்லை. தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். ‘கை நனைக்கவில்லை’ என்று ஒரே பேச்சில் ஊருக்கே விஷயம் போய்விடும். இட்லியாக, சாம்பாராக, அப்பளமாக அந்த அம்மா ‘உங்கள் பையன் வேண்டாம்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அடுத்த நாள் சாயங்காலம் நீயும் கியாராவும் வந்து இறங்குகிறீர்கள். வந்ததும் அவர் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். மண்டபம், பத்திரிகை, உன் முகம் எல்லாம் கண்முன் வந்து போயிற்று. அப்பா மட்டும், “வயிறு சரியில்லியோ இன்னாவோ” என்றார். அவருக்கு உலகத்தில் எல்லாப் பிரச்சினையும் வயிறுதான். இந்தத் தடவை பாதி சரியாகவே சொல்லியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைசி நாள் காலை வேனில் மாமல்லபுரம் கூட்டிப் போனோம். கடற்கரைக் கோயிலைப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. இளநீர் வண்டிப் பக்கம் அப்பா நின்று, கையால் ஜாடை காட்டி வேணுமா என்று கேட்டார். நோ கிராத்சியே. அப்பா நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்துவிட்டார். இளநீர்க்காரர் கத்தியைத் தூக்கிக்கொண்டு சத்தம் போட்டார்: “இன்னா அண்ணாத்த, கேட்டுகினு கீறியே! வெட்டிக் குடுத்தா குடிக்க மாட்டேன்னா சொல்லப் போறாங்க?” யாவாரத்துக்குச் சொல்கிறார் என்று நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அங்கிருந்து சதுரங்கப்பட்டினம். டச்சுக் கோட்டைக்குப் பின்பக்கத் தெருவில் விமலா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. விமலாவிடம் உன் சட்டத்தைச் சொல்லியிருந்தேன். “இது இன்னா அநியாயம், வூட்டுக்கு வந்தவங்களை ஒரு தபா கேட்டுட்டு வுட்றதா?” என்று முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டாள். வஞ்சிரக் குழம்பு, இறால் தொக்கு, அப்புறம் காலையில் படகிலிருந்து இறங்கிய நெத்திலியை மொறுமொறு என்று பொரித்து ஒரு தாம்பாளம் நிறைய வைத்திருந்தாள். அந்தத் தாம்பாளம் மேசைக்கு வந்ததும் ரொசெத்தா, “அலீச்சி!” என்று தன்னை அறியாமல் கூவினார். அவர் ஊரில் நெத்திலிக்கு அதுதான் பேர் போலிருக்கிறது. முகத்தில் மின்சாரம் வந்த மாதிரி ஒரு வெளிச்சம். விமலா தாம்பாளத்தை நீட்டினாள்.

“நோ, கிராத்சியே.”

விமலா என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் ‘விட்டுவிடு’ என்றேன். தாம்பாளம் நகர்ந்தது. அப்போதுதான் கவனித்தேன் பிரபு. தாம்பாளம் போகிற பக்கம் அந்த அம்மாவின் கண்ணும் கூடவே போயிற்று. கை மட்டும் மடியில் இருந்த கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தது. இந்த முகத்தை எனக்குத் தெரியும்! நாவலூரில் மாடிக்கு மாடி பார்த்திருக்கிறேன். வாய் ‘வேண்டாம்’ என்னும், கண் பாலிசி பேப்பரைவிட்டு எழுந்திருக்காது. அவர்கள் நம்மைப் போகச் சொல்லவில்லை, இன்னொரு தடவை கேட்கச் சொல்கிறார்கள். அதே நேரம் பீரோவில் மடித்து வைத்திருந்த வாக்கியம் மூளைக்குள் சரசரத்தது. ‘மரியாதைக்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.’ அட முட்டாள் பெண்ணே! மரியாதைக்காக வேண்டாம் சொல்கிற பழக்கமே இல்லாத ஊரில் இந்த வாக்கியத்துக்கு என்ன வேலை? வீட்டுக்கு வீடு தினமும் இதைச் சொல்கிறார்கள் என்றால், வீட்டுக்கு வீடு தினமும் யாரோ பொய்யாக வேண்டாம் சொல்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? அவர்களும் நம்ம ஜாதியடா! முதல் தடவையே வாங்கித் தின்றால் அலைகிறான் என்று சொல்வார்களே, அந்தப் பயம் குதிகால் பக்கமும் இருக்கிறது.

எழுந்தேன். விமலா கையிலிருந்து தாம்பாளத்தைப் பிடுங்கினேன். உன் ஆபீஸ், உன் கேக், உன் நாகரிகம் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டு, மேடையில் நிற்கிறவள் மாதிரி மூச்சை இழுத்துச் சொன்னேன்:

“ரொசெத்தாம்மா, நோன் ஃபாச்சா கொம்ப்ளிமென்த்தி!”

ஒரு சொட்டுப் பிசகவில்லை. நாக்கு குதிக்கவில்லை. விமலா வாயைப் பிளந்தாள். அப்பா கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது. ரொசெத்தா என்னை ஒரு கணம் நம்ப முடியாமல் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கி, கூரையில் யாரோ இருப்பது போல “ஓ!” என்று ஒரு சத்தம் போட்டார். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. எழுந்து வந்து என் கன்னம் இரண்டையும் பிடித்துக் கிள்ளினார், இன்னும் வலிக்கிறது. உட்கார்ந்தார், தட்டை நீட்டினார். நான் கவிழ்த்தேன். என் மணிக்கட்டுக்கு அன்றைக்குத்தான் விடுதலை. அவர் கையால் தடுப்பது போல நடித்தார், நான் விரல் இடுக்கில் போட்டேன். அந்த ஆட்டத்தில் அவர் என்னைவிட அனுபவசாலி. வஞ்சிரம் போயிற்று, தொக்கு போயிற்று, தாம்பாளத்தின் அடி தெரிந்தது. “அண்ணி, நமக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல” என்று விமலா காதில் கிசுகிசுத்தாள், அதைவிடச் சந்தோஷமாக அவள் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. நான் இன்னும் சாப்பிடாமல் நிற்பதைப் பார்த்த ரொசெத்தா, ஒரு நாற்காலியை இழுத்து என்னை அமுக்கி உட்காரவைத்து, தன் தட்டிலிருந்த நெத்திலியை எடுத்து என் வாய்க்கு நேராக நீட்டினார். நான் பழக்கத்தில் “வேணாங்க” என்றேன். அவர் என் வாக்கியத்தையே என்னிடம் திருப்பிச் சொன்னார். விமலா வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது.

அங்கிருந்தே அவர் கியாராவுக்குப் போன் போட்டார். நீங்கள் அப்போது ஏர்போர்ட்டில் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தீர்கள். நீ ஏதோ வாங்கப் போயிருந்தாயாம், கொடுத்து வைக்காதவன். அம்மா கத்தினார், மகள் கத்தினாள், சண்டை என்றே நான் நினைத்தேன். கடைசியில் கியாரா சிரிப்பும் அழுகையுமாக எனக்குப் புரியவைத்தாள். “அம்மா சொல்றாங்க, ரெண்டு நாளா யாராவது ரெண்டாவது தடவ கேப்பாங்களான்னு காத்திருந்தேன். ஒரு தடவ கேட்டுட்டு சாப்பாட்டைத் தூக்கிட்டுப் போற வீட்டுல என் பொண்ணை எப்படி விடறதுன்னு ராத்திரியெல்லாம் தூங்கல. இப்ப நிம்மதியா விடறேன், அப்படின்னு சொல்றாங்க. மாமி, அம்மா சரின்னு சொல்லிட்டாங்க!”

நாங்கள் அவர் கை நனைக்கவில்லை என்று பயந்தோம். அவர் நாங்கள் கைநிறையப் போடவில்லை என்று பயந்தார். ஒரே பயத்தை இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, நடுவில் உன் நாகரிகத்தைக் காவலுக்கு நிறுத்தியிருந்தோம். உன்னையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. நீ பார்த்தது தோரினோ ஆபீஸ். நாவலூர் லிஃப்டில் ஏறி இறங்கினவன் செங்கல்பட்டு சமையலறையைப் பார்த்தேன் என்று சொன்ன மாதிரி. கியாராவும் தோரினோ பழக்கத்தில் கேட்ட மாத்திரத்தில் தட்டை நீட்டுகிறவள். அம்மாவின் ஆட்டம் அவளுக்கே மறந்துபோயிருக்கிறது.

மற்றது நீ பார்த்ததுதான். நீ வந்து இறங்கியபோது உன் மாமியார் வாசலில் என் நைட்டியில் நின்று உன்னைப் பார்த்து, “சாப்டியா?” என்றார். நீ மயங்கி விழாத குறை. கல்யாணப் பந்தியில் அவரே சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு, ‘போதும்’ என்ற பெரிய மனிதர்களையெல்லாம் மூழ்கடித்ததை நம் சொந்தக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். விமலா இப்போது அந்த வாக்கியத்தைக் கற்றுக்கொள்கிறாள். ‘கொம்ப்ளிமென்த்தி’யில் தடுக்கி விழுகிறாள். நான் திருத்துகிறேன். ரொம்பப் பொறுமையாக, அவளுக்கு எரிச்சல் வருகிற அளவுக்குப் பொறுமையாக.

புதுசாகக் குடித்தனம் செய்கிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டுமாம், சொல்கிறேன். சோற்று விஷயத்திலும் வீட்டுக்கு வாருங்கள் என்று அழைக்கிற விஷயத்திலும் மட்டும் முதல் ‘வேண்டாம்’ கணக்கில் வராது. மற்ற எதிலும் கியாரா ஒரு தடவை வேண்டாம் என்றால் அதுதான் கடைசி வார்த்தை. இரண்டையும் மாற்றிப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நாக்கை மட்டும் கேட்டால் குழப்பம்தான். கண் எங்கே போகிறது என்று பார்.

கடைசியாக ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில், “ம்மா, நீயும் அப்பாவும் வந்து ஒரு மாசம் இங்க இருங்களேன்” என்றாய். “வேணாம்பா, அப்பாவுக்கு சீசன் ஓட்டம் இருக்கு” என்றேன். நீ “சரிம்மா” என்று சொல்லிவிட்டு, சளி மாத்திரையைப் பற்றிப் பேசப் போய்விட்டாய். சரிம்மாவா? யார் வயிற்றில் பிறந்தவன் நீ? உன் மாமியார் தன் ஊருக்கு வரச்சொல்லி வாராவாரம் போனில் கேட்கிறார். முதல் வாரம் மறுத்தேன். இரண்டாம் வாரம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி மறுத்தேன். மூன்றாம் வாரம் அந்த வாக்கியத்தை அவர் சொன்னதும், பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று அப்பாவை விசாரிக்க அனுப்பிவிட்டேன். அவர் புது ஷூவே வாங்கிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்து பழகுகிறார்.

ஆக நாங்கள் வருகிறோம். ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது மறுபடி ஒரு தடவை கேள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். விடாதே.

உன் பதிலுக்காக அல்ல, உன் இரண்டாவது கேள்விக்காகக் காத்திருக்கும்,
செங்கல்பட்டு இத்தாலிக்காரம்மா